மூடி மூடப்பட்டது

மே 11, ஞாயிறு

எங்கள் கட்டற்ற மென்பொருள் குழுவில் ஒருவர் இருக்கிறார். சொந்தப் பெயர் தெரியாது. குழுவில் ‘குற்றாலத்தான்’ என்று வைத்துக்கொண்டிருக்கிறார். மடிக்கணினி தூங்கி எழுவதில் சிக்கல் என்று நான் எழுதியதற்கு அவர் கொடுத்த பதில் இது: “ஒரு நோட்டுப் போடுங்க சார். ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம்தான். தேதி போட்டு எழுதி வைங்க. ரெண்டை ஒண்ணா மாத்தினீங்கன்னா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது.”

பாலிடெக்னிக்கில் நூலகராகக் காலம் தள்ளுகிறவனுக்கு நோட்டுப் போடச் சொல்லித் தருகிறார். ஆனாலும் சொன்னது சரிதான். எனவே இந்த நோட்டு. இதில் மடிக்கணினியைப் பற்றி மட்டுமே எழுதுவதாக உத்தேசம்.

நோயாளி: கொஞ்சம் பழைய மடிக்கணினி. லினக்ஸ் போட்டது நான். காசு கேட்கும் மென்பொருளும் வேண்டாம், திருட்டு மென்பொருளும் வேண்டாம் என்பது என் கொள்கை. பெங்களூரில் இருக்கும் மகன் ஷாகுல் ஒவ்வொரு தடவையும் “வாப்பா, பேசாம எல்லாரும் போடுதத நீங்களும் போட்டுத் தொலைங்க” என்பான். போடமாட்டேன். பயன்படுத்துவது என் மனைவி ஜுலைகா.

நோய்: மூடியை மூடினால் தூங்குகிறது. அதுவரை சரி. திறந்தால் எழ மறுக்கிறது. உள்ளே விசிறி ஓடும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு இது வெறும் எரிச்சல். ஜுலைகாவுக்கு அப்படி இல்லை. போன செப்டம்பரில் அவளுடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் உள்ள ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். கதிர்வீச்சு பட்ட தோல் இன்னும் ஆறாததால் அதை வைத்தாலே வலிக்கிறது. ஆகவே அவள் தட்டச்சு செய்கிறாள், மடிக்கணினி வாசிக்கிறது. அது எழாத நேரத்தில் அவள் வாய் அசையும், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது தன் பழைய எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராகவே திரும்பிப் போகவேண்டும் என்பது அவள் முடிவு. அதற்குள் இதைச் சரிசெய்வது என் வேலை.

மே 12, திங்கள்

மாற்றம்: லினக்ஸின் மையமான கர்னலைப் புதுப்பித்தேன். பலன் இல்லை. மதியம் நான் வைத்த புளிக்குழம்பில் உப்பு அதிகம் என்று மடிக்கணினி சொன்னது.

மே 14, புதன்

பிடித்துவிட்டேன்.

கணினிக்கு இரண்டு வகைத் தூக்கம் உண்டு. ஆழ்ந்த தூக்கம் ஒன்று, கூப்பிட்டால் எழுந்துகொள்ளும் அரைத்தூக்கம் ஒன்று. எங்களுடையது ஆழத்துக்குப் போய்விட்டு வழி தெரியாமல் நின்றிருக்கிறது. அமைப்பில் ஒரு வரியை மாற்றி அரைத்தூக்கம் போதும் என்று வைத்தேன். பேட்டரி கொஞ்சம் கூடச் செலவாகும், ஆகட்டும். மூடினேன், திறந்தேன். எழுந்தது. மறுபடி மூடினேன், திறந்தேன். சின்னப் பையன் போல நான் மூடி மூடித் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜுலைகா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.

“போதும் மச்சான், கீலு கழண்டுரப் போவுது” என்றது அது.

அந்தக் குரல் ரயில் நிலைய அறிவிப்புக் குரல். நாகர்கோவில் வண்டி மூன்றாவது நடைமேடைக்கு வருவதைச் சொல்வது போலத்தான் எதையும் சொல்லும். ஜுலைகாவோ அதற்காகத் தன் பேச்சை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறாள். “கழன்றுவிடும்” என்று அடித்தால் தெளிவாக வாசிக்கும் என்று ஒருமுறை சொன்னேன். “நான் எப்பவாச்சும் அப்படிப் பேசியிருக்கனா” என்று கேட்டாள். பேசியதில்லை.

சாயங்காலம் கடைத்தெரு. சீனி, மல்லி, தேய்க்கக் கொடுத்த துணி. பேன்ஸி ஸ்டோரில் அவளுடைய ஷாலுக்குக் காந்த பின் வாங்கினேன். வெளியே போகும்போதும் யாராவது வரும்போதும் அவள் போடும் ஷால் இப்போது கழுத்துத் துளையையும் மறைக்கிறது. இத்தனை நாளும் ஊசிதான் குத்தினாள். கழுத்துக்குப் பக்கத்தில் ஊசி என்றாலே நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. இது துணிக்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டு, அந்தப் பக்கம் ஒரு பொட்டு, பிடித்துக்கொள்ளும், குத்தாது. கீழே தொங்கும் முனைகளுக்கும் ஒன்று போட்டால் மின்விசிறிக் காற்றில் துணி பறந்து மூச்சை மறைக்காது என்று கடைப்பெண் சொன்னாள். அதையும் வாங்கினேன். ஜுலைகாவுக்குப் பிடித்திருந்தது. இது மடிக்கணினி விஷயம் இல்லை என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

மாற்றம்: ஒன்றே ஒன்று. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து அரைத்தூக்கத்துக்கு.

மே 18, ஞாயிறு

என் அக்கா மைமூன் ராத்தா வந்திருந்தார். வாய் பேச முடியாதவர்களுக்குக் காதும் கேட்காது என்பது ராத்தாவின் கட்சி. ஜுலைகாவிடம் தெருமுனைக்குக் கேட்கும்படி பேசுவார். ஜுலைகா முன்னறை மேசையில் உட்கார்ந்து தட்டினாள். நான் அடுப்படி வாசலில் நின்று மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“வாங்க ராத்தா. பேரனுக்குக் காய்ச்சல் விட்டுட்டா. இருந்து சாப்பிட்டுட்டுத்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்த மடிக்கணினி அப்படியே அணைந்தது. ஜுலைகா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்து, “போகணும்” என்றது.

“என்ன தம்பி, போகச் சொல்லுதாளா?” என்று ராத்தா என்னைக் கேட்டார்.

சமாளித்தேன். ஆனால் மறுபடியும் அதேபோல் ஆனது. பாதிப் பேச்சில் தூங்குகிறது, எழுகிறது, மறுபடி தூங்குகிறது. என் வைத்தியம்தான் இதைக் கிளப்பிவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. ராத்தா போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவளை எதுக்கு இந்தப் பாடு படுத்துதே, வீட்டுல சும்மா இருக்கட்டுமே” என்றார். அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

மே 19, திங்கள்

காலை முழுக்க அதே மேசையில் உட்கார்ந்து சோதித்தேன். தினசரியில் ஒரு தலையங்கத்தையே அடித்தேன். நல்லபடியாக வாசித்து முடித்தது. பின்பு ஜுலைகாவும் அடித்துப் பார்த்தாள். வீட்டு வேலைகளில் நான் சரியாகச் செய்யாதவை என்ற தலைப்பில் நெடிய உரை. ஒரு தடவைகூடத் தூங்கவில்லை.

டாக்டர் வீட்டு வாசல் வந்ததும் பல்வலி நின்றுபோகுமே, அந்த மாதிரி.

மே 22, வியாழன்

தலைமையாசிரியை ரத்னபாய் டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஜுலைகாவுக்குப் பத்து வயது மூத்தவர், சுற்றி வளைக்காத மனுஷி. நான் தேநீர் போடப் போனேன். அடுப்படியில் பாத்திரங்களை எடுத்து வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். மடிக்கணினி பேசும், நிற்கும், பேசும், நிற்கும். ஒவ்வொரு தடவை நின்றபோதும் டீச்சர் காத்திருந்தார். கடைசியில் ஜுலைகா ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டத் தொடங்கிவிட்டாள்.

“ஜுலைகா, எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்ல. தாளாளருக்குத்தான் யோசனை” என்றார் டீச்சர். “ஜூன் அஞ்சாம் தேதி எட்டு பி-ல ஒரு பீரியடு எடுத்துக் காட்டு. அவரும் நானும் பின்னால உக்காந்து பாக்கோம். சரியா வந்துதுன்னா கிளாஸ் உனக்கு. இல்லேன்னா இந்த வருஷம் ஆபீஸ் வேலைய பாரு. சம்பளத்துல ஒண்ணும் குறையாது.”

அவர் போனபின் ஜுலைகா அறைக்குள் போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இப்போது மடிக்கணினி தடங்கலே இல்லாமல் பேசியது.

“ஆபீஸ்ல உக்காந்து ரிஜிஸ்டர்ல கோடு போடுததுக்கா நான் உயிர் பொழச்சு வந்தேன்.”

ரயில் நிலையக் குரலில்தான் சொன்னது. எனக்கு என்னவோ அவள் பழைய குரலில் கேட்டது.

மே 23, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரி. வழக்கமான சோதனைதான். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். திரும்பி வந்து வண்டியை நிறுத்தினால், சாவியை எடுக்காமலே நடந்திருக்கிறேன். ஜுலைகாதான் எடுத்து வந்தாள்.

பேட்டரி நன்றாக இருக்கிறது.

மே 25, ஞாயிறு

கணினி தன் ஒவ்வொரு அசைவையும் ஒரு பதிவில் எழுதி வைக்கும். அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். என் வைத்தியத்தில்தான் கோளாறு என்ற எண்ணத்திலேயே இருந்ததால் இன்றுதான் பொறுமையாகப் படித்தேன். அது தூங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஒரே வரி: ‘மூடி மூடப்பட்டது.’ சற்றுக் கீழே ‘மூடி திறக்கப்பட்டது.’

ரத்னபாய் டீச்சர் தேநீர் குடித்த நேரத்தில் அந்த வரி இருக்கிறது. ராத்தா வந்திருந்த மதியத்தில் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்த நாட்களில், நானாக மூடிய நேரங்களைத் தவிர, அந்த வரியே இல்லை.

ஆக, கோளாறு மென்பொருளில் இல்லை. யாரோ மூடியிருக்கிறார்கள். எட்டும் தூரத்தில் இருந்தது ஒருத்திதான்.

ஏன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மாடியில் வகுப்பெடுத்தால் தெருவில் போகிறவனுக்கும் கணக்கு வரும், அப்படிப்பட்ட குரல் அவளுடையது. இந்தத் தகரக் குரல் தன்னுடையது என்று மற்றவர் முன்னால் காட்டிக்கொள்ள அவளுக்குக் கூசுகிறது. என்னிடம் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று, பேசிக்கொண்டிருக்கும்போதே மூடியை லேசாகச் சாய்த்துவிடுகிறாள்.

மூடியைக் கண்டுகொள்ளாதே என்று கணினிக்குச் சொல்ல ஒரு வரி போதும். பிறகு என்ன செய்தாலும் தூங்காது. அந்த வரியை அடித்தும்விட்டேன். சேமிக்கவில்லை. பேச வேண்டாம் என்று அவள் நினைக்கும்போது மூடிக்கொள்வதற்கு அந்த மூடி ஒன்றுதான் அவளிடம் இருக்கிறது. அதையும் நான் பிடுங்குவதா?

மாற்றம்: செய்யவில்லை. அவளிடம் கேட்கவும் போவதில்லை.

மே 27, செவ்வாய்

மளிகைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். விடுமுறையிலும் ரத்னபாய் டீச்சர் அலுவலகத்தில் இருந்தார்.

“டீச்சர், அந்த அஞ்சாம் தேதி கிளாஸை இப்ப வேண்டாம்னு வச்சிரலாமா?” என்றேன்.

“தள்ளிவச்சா எட்டு பி-க்கு வேற ஆள் போட்டுருவாங்க சார். இந்த வருஷம் முழுக்க ஆபீஸ்தான்.”

“பரவாயில்ல டீச்சர். அவளுக்கு இன்னும் மனசு ஒப்பல. வெளிய காட்டிக்க மாட்டேங்கா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சரி சார், பாக்கேன்” என்றார். நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு வந்தேன். மளிகை வாங்க மறந்துவிட்டது.

மே 29, வியாழன்

ரத்னபாய் டீச்சர் ஜுலைகாவுக்கே செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறார். நான் பாலிடெக்னிக்கில் இருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மடிக்கணினி திறந்து தயாராக இருந்தது.

“மச்சான். ரத்னபாய் டீச்சர்ட்ட என்ன சொன்னீங்க.”

“கொஞ்ச நாள் போகட்டும்னு சொன்னேன்.”

“உங்கள யாரு கேட்டா.”

எல்லாவற்றையும் சொன்னேன். பதிவில் இருக்கும் வரி, அது வரும் நேரம், எனக்குப் புரிந்தது. “கூச்சமா இருந்தா அதுல தப்பில்ல ஜுலைகா. நீ மூடிக்கிட்டதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல” என்றும் சொன்னேன். இதைவிடப் பக்குவமாக ஒருவன் பேச முடியாது என்று அந்த நேரத்தில் நினைத்தேன்.

“நான் மூடல” என்றது மடிக்கணினி.

“பதிவுல இருக்கே. மெஷினு பொய் சொல்லாது.”

அவள் மடிக்கணினியை இன்னும் பக்கத்தில் இழுத்தாள். பிறகு மெதுவாக அடித்தாள்.

“அப்ப நான்தான் பொய் சொல்லுதேன்ங்கீங்க.”

ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. அவளுக்கு அது போதவில்லை. ஒலியை முழுதாகக் கூட்டி அதே வரியை மறுபடி வாசிக்க வைத்தாள். தெருவில் போன கீரைக்காரி நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். பின் மூடியைப் பிடித்துப் படாரென்று சாத்தினாள். அவள் மூடினால் எப்படி மூடுவாள் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

சண்டை முழுக்க அது ஒருமுறைகூடத் தூங்கவில்லை. குறித்து வைக்கிறேன்.

மே 30, வெள்ளி

பேச முடியாத மனைவி பேசாமல் இருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். தெரியும். மடிக்கணினி மேசைமேல் மூடியபடியே இருக்கும். டம்ளர் வைக்கும் சத்தம் கூடியிருக்கும். வழக்கமாக என்னைக் கூப்பிட இரண்டு தட்டுத் தட்டுவாள், கதவிலோ சுவரிலோ. அது இருக்காது.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டேன். குழம்பில் உப்பு சரியாக இருந்ததா என்று சொல்ல ஆள் இல்லை. மூடியிருக்கும் அந்தக் கணினியைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே பயம். இது மடிக்கணினி விஷயமா இல்லையா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

மே 31, சனி

ஜுலைகா சாக்பீஸ் பெட்டி வாங்கி வந்திருக்கிறாள். விகிதம் பாடத்துக்குக் குறிப்பு எழுதி, பெரிய அட்டைகள் செய்துகொண்டிருக்கிறாள். ஒன்றில் ‘புரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்’, இன்னொன்றில் ‘பேச்சு கூடாது’. மடிக்கணினி கைவிட்டாலும் வகுப்பெடுப்பது என்ற முடிவில் இருக்கிறாள்.

கூச்சப்படுகிறவள் இதையெல்லாம் செய்வாளா?

சாயங்காலம் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. முகத்துக்கு நேரே சொல்லி என்னை அழவைத்திருக்கிறாள், மறைத்தது கிடையாது. இந்தக் கணினியை எனக்கு எத்தனை நாளாகத் தெரியும்? நான் யாரை நம்பினேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

அவள் மூடவில்லை என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஜுலைகா எதிர்வீட்டுக்குப் போயிருந்தாள். முன்னறை மேசை, அவளுடைய நாற்காலி. உட்கார்ந்து அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். இல்லை. எதிர் நாற்காலியில் விருந்தாளி இருப்பதாக எண்ணிக்கொண்டு “வாங்க ராத்தா” என்று அடித்தேன். வரவேற்றுவிட்டுச் சும்மா இருந்தது.

யாராவது வந்தால் அவள் என்னென்ன செய்வாள் என்று முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அழைப்பு மணி அடிக்கும். அடுப்பைக் குறைப்பாள். அறைக்குள் போவாள். ஷாலை எடுத்துப் போட்டுக்கொண்டு வருவாள்.

தினமும் பார்ப்பதுதான். அதனாலேயே என் கணக்கில் அது வரவில்லை.

கொடியில் கிடந்த ஊதாக்கலர் ஷாலை எடுத்து அவள் போடுவது போலவே தலையைச் சுற்றிப் போட்டேன். மேலே, அட்டையில் மீதமிருந்த காந்த பின்களில் ஒன்று. கீழே தொங்கிய முனைகளைச் சேர்த்து இன்னொன்று. நாற்காலியில் உட்கார்ந்து, அவள் குனிவது போல மேசைமேல் குனிந்து, “வாங்க ராத்தா” என்று அடித்தேன். ஷாலின் முனை விசைப்பலகையின் ஓரத்தில் வந்து கிடந்தது. திரை அணைந்தது.

நிமிர்ந்தேன். எழுந்தது. கொஞ்சம் அடித்தேன். தூங்கியது.

மூடி மூடியிருக்கிறது என்பதைக் கணினி கண்ணால் பார்ப்பதில்லை. மேல் மூடியில் ஒரு சிறிய காந்தம் இருக்கிறது, கீழே விசைப்பலகை ஓரத்தில் அதை உணரும் ஒரு பொருள். காந்தம் பக்கத்தில் வந்தால் மூடி மூடிவிட்டது என்று அது எடுத்துக்கொள்ளும். எந்தக் காந்தம் என்று கேட்கத் தெரியாது. ஜுலைகா பேசக் குனிந்தபோதெல்லாம் நான் வாங்கிக் கொடுத்த பின் அவள் வாயை மூடியிருக்கிறது. அவளுக்கு ஊசி குத்திவிடக் கூடாது என்று தேடிப் போய் வாங்கியது நான்தான்.

மே 14 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ‘மாற்றம்: ஒன்றே ஒன்று’ என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேலேயே பின் வாங்கியதும் இருக்கிறது, மடிக்கணினி விஷயம் இல்லை என்ற குறிப்போடு.

அந்த நேரத்தில் வாசல் கதவில் இரண்டு தட்டு.

ஜுலைகா நின்றுகொண்டிருந்தாள். மீசை வைத்த ஐம்பத்தாறு வயது மனிதன் ஊதா ஷாலைச் சுற்றிக்கொண்டு மடிக்கணினிமுன் உட்கார்ந்திருப்பதை முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரிப்பில் இப்போது சத்தம் கிடையாது. தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும், கழுத்துத் துளையில் காற்று புஸ் புஸ்ஸென்று அடிக்கும். செப்டம்பருக்குப் பிறகு அப்படி அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

பின்னைக் கையில் எடுத்து விசைப்பலகை ஓரமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். தூங்கியது. எடுத்தேன். எழுந்தது. அவள் என் கையிலிருந்து பின்னை வாங்கித் தானும் செய்து பார்த்தாள். கணக்கு டீச்சர், தானே போட்டுப் பார்க்காமல் விடையை ஒப்புக்கொள்ள மாட்டாள். பிறகு பின்னைத் தூர வைத்து, தன் ஷாலையும் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

“ஷாலு நல்லாத்தான் இருக்கு மச்சான். கலருதான் உங்களுக்கு எடுபடல.”

“நீ மூடல. நான் மெஷினை நம்பிட்டேன்” என்றேன்.

“மெஷினு பொய் சொல்லல. அதுக்குத் தெரிஞ்சத அது எழுதிருக்கு. நீங்கதான் என்ட்ட கேக்கல.”

அவள் விடவில்லை.

“நான் கூசுதேன்னு நெனச்சீங்களோ. கூசுனது யாரு.”

அந்தக் குரலில் ராத்தாவுக்கும் டீச்சருக்கும் அவள் பேச்சு போய்ச் சேரும்போது, அடுப்படியில் நின்று பாத்திரத்தை உருட்டியது நான்தான். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்கு இன்றுதான் தெரியும்.

“நான்தான்” என்றேன். “அந்தக் கொரலக் கேக்கும்போதெல்லாம் உன் கொரலு நெனப்பு வருது ஜுலைகா.”

அவள் ஷாலை என் தலையிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். தலைமுடியைச் சரிசெய்துவிட்டாள், அதாவது இருக்கிற முடியை.

“எனக்கும்தான் வருது. அதுக்காவ பேசாம இருக்க முடியுமா” என்றது மடிக்கணினி.

மூடியைக் கண்டுகொள்ளாதே என்ற அந்த ஒரு வரியைப் போட்டுவிடட்டுமா, இனி எந்தக் காந்தம் வந்தாலும் தூங்காது என்று கேட்டேன். இந்தத் தடவை அவளிடம் கேட்டேன்.

“வேண்டாம். எனக்கும் வாயை மூடணும்னு தோணும்லா. மூடி என் கையில இருக்கட்டும்.”

ஜூன் 2, திங்கள்

ரத்னபாய் டீச்சரைப் பார்த்து, நான் உளறிவிட்டேன் என்று சொல்லப் போனேன். அவர் தாளாளரிடம் எதையும் சொல்லியிருக்கவே இல்லை.

“எங்க டீச்சர் அவதான சார். அவளக் கேக்காம நான் எப்படித் தள்ளி வைப்பேன்?” என்றார்.

ஷாலின் கழுத்துப் பக்கத்திலும் முனைகளிலும் டிச் பட்டன் வைத்துத் தைத்தேன். ஜுலைகா தையலைப் பிரித்துவிட்டு அவளே தைத்தாள். கழுத்துக்குப் பக்கத்தில் ஊசியும் இல்லை, காந்தமும் இல்லை.

குழுவில் நடந்ததை எழுதினேன். குற்றாலத்தான் பதில்: “ஒரே நாள்ல ரெண்டு மாற்றம். சொன்னேன்ல சார்.” அவருக்குச் சலாம் போட்டு ஒரு வரி எழுதினேன்.

மாற்றம்: காந்த பின்னுக்குப் பதில் டிச் பட்டன்.

ஜூன் 5, வியாழன்

எட்டு பி ஜுலைகாவுக்குத்தான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வாசலில் இறக்கிவிட்டதும் என்னைப் போகச் சொன்னாள். போகிறேன் என்றேன். வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, எட்டு பி-யின் சன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். நல்ல வெயில்.

வணக்கமெல்லாம் முடிந்ததும் ரயில் நிலையக் குரல் கேட்டது.

“எல்லாரும் உக்காருங்க. என் கொரலு புதுசு. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சி முடிச்சிக்கிடுங்க. அப்புறம் கணக்கு.”

மொத்த வகுப்பும் சிரித்தது. அவள் காத்திருந்தாள். அடங்கியதும் விகிதம் ஆரம்பமானது. கொஞ்சம் பேச்சு, பிறகு சாக்பீஸ் சத்தம், மறுபடி பேச்சு. பிள்ளைகள் பதில் சொல்வது நன்றாகக் கேட்டது. நான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் எனக்குத் தகரமாகத் தெரியவில்லை, ஜுலைகா கணக்குச் சொல்கிறாள் என்றுதான் இருந்தது.

“ஏட்டி மூணாவது பெஞ்சு. சன்னல் வழியா என்ன வேடிக்கை.”

அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது என்னைத்தான். குனிந்துகொண்டேன்.

அடுத்து அந்தக் குரல் ஒரு கேள்வியைச் சொல்லி முடித்தது. அதன்பின் சத்தமே இல்லை. சாக்பீஸும் இல்லை. காத்திருந்தேன். இன்னும் இல்லை. காந்தம் இல்லையே, பட்டன்தானே, அரைத்தூக்கம்தானே, எங்கே விட்டேன், எதை விட்டேன்? தாளாளர் இருக்கிறாரே என்ற நினைப்புகூட இல்லாமல் சன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன்.

மடிக்கணினி மூடியிருந்தது. மூடியின்மேல் ஜுலைகாவின் கை இருந்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் தலையைக் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் தாளாளரும் ஒரு தாளில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரத்னபாய் டீச்சர் அவருடைய விடையை எட்டிப் பார்த்தார். வகுப்பு அமைதியாக இருக்கவேண்டிய நேரம் என்பதால் அவள் மூடியிருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம்.

அவள் நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் மூடியைத் திறந்தாள். திரை உடனே எழுந்தது. நின்றபடியே அடித்தாள்.

“மச்சான். வெயில்ல நிக்காதீங்க. வீட்டுக்குப் போயி உலைய வைங்க.”

எட்டு பி முழுவதும் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தது. தாளாளரும் சிரித்தார்.

மாற்றம்: ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.